தனியாக ஓடுபவருக்கு நூறு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளிமலை பஸ் கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மாள் தைல பாட்டிலைத் திறந்தாள். வளைவுகள் வருவதற்கு முன்பே நெற்றியில் தேய்த்துக்கொண்டால் குமட்டாது என்று பக்கத்தில் இருந்த மகளிடம் சொன்னாள். வாசனை பஸ் முழுக்கப் பரவியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே அணைத் தண்ணீர் தெரிந்தது. அதைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

நீ அதை முழங்காலுக்குப் போடுவாய். ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு கல்லின்மேல் காலைத் தூக்கி வைத்து, புடவை கட்டும் நாட்களில் ஒருபோதும் காட்டாத அந்த முழங்காலை ஊர் பார்க்கத் தேய்ப்பாய். "காட்டுக்குள்ளே உன்னைத் தொலைக்க முடியாது, மோப்பம் பிடித்தே வந்துவிடலாம்" என்று ஒருமுறை சொன்னேன். நான் நகைச்சுவையாகப் பேசுவது அபூர்வம் என்பதால் நீ அதை ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாய்.

நீ போன பிறகு உனக்கு எதுவும் எழுதவில்லை. இறந்தவர்கள் படிப்பார்கள் என்று நான் நம்புவதில்லை. அது உனக்குத் தெரியும். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. மற்றவர்களிடம் சொல்வதென்றால் முதலில் விதிகளை விளக்க வேண்டும். விளக்கி முடிப்பதற்குள் எனக்கே அலுத்துவிடும்.

ஊரில் எல்லோரும் அதை மேப் ஓட்டம் என்றுதான் சொல்கிறார்கள். உன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்த நீ, ஏதோ ஒரு முகாமுக்குப் போய்விட்டு வந்து, கையில் ஒரு வரைபடமும் திசைகாட்டியுமாக என் வீட்டு வாசலில் நின்றாய். "காட்டுக்குள்ள அங்கங்க கொடி கட்டி வெச்சிருப்பாங்க. மேப்ப பாத்து வரிசையா கண்டுபிடிச்சு, அட்டையில பஞ்ச் பண்ணிக்கினு வரணும். யாரு சீக்கிரம் வராங்களோ அவங்க ஜெயிச்சாங்க. அவ்ளோதான்டீ." கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும், பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத ஒருத்தியிடம் இதை ஏன் சொல்கிறாய் என்று கேட்டேன். "ஓடறதுக்கு ஆளு கிடைப்பாங்க. ரூல் எழுத நீதான் வேணும்" என்றாய்.

அப்படித்தான் நான் உள்ளே வந்தேன். விதிகள் எழுதியது நாம் இருவரும். மழை விட்ட பிறகு மாதத்துக்கு ஒன்று, கல்வராயன் மலையில் வேறுவேறு இடங்களில், ஐந்து ஓட்டங்கள். அவற்றில் சிறந்த மூன்றின் புள்ளிகளைக் கூட்டி வருடத்தின் வரிசை. குறைந்தது மூன்று ஓட்டங்களாவது தன் காலால் ஓடியிருந்தால்தான் வரிசையில் பெயர். முதலில் வந்தவருக்கு நூறு; மற்றவர்களுக்கு அவரவர் நேரத்தைப் பொறுத்து அதில் ஒரு பங்கு. கொடிகளை எங்கே கட்டுவது என்று வகுப்பவர் அந்த ஓட்டத்தில் ஓட முடியாது. அவருடைய மற்ற ஓட்டங்களின் சராசரியை அதற்குப் புள்ளியாகக் கொடுக்கலாம். ஆனால் அது புள்ளிக்கு மட்டும். தகுதிக்கு அதைச் சேர்க்கக் கூடாது என்றாய். "உக்காந்து வகுத்ததெல்லாம் ஓட்டமாடீ?"

நம் இருவருக்கும் சண்டை வந்தது ஒரே ஒரு விதியில். வயதுக்கேற்ப வைத்த பிரிவுகளில் ஒன்றில் ஒருவர் மட்டுமே வந்து ஓடினால் என்ன செய்வது? முதலில் வந்தவருக்கு நூறு என்றால் அவருக்கும் நூறுதான் என்றேன். உனக்குப் பிடிக்கவில்லை. "தனியா ஓடினவளுக்கு நூறு எதுக்கு? அவ யாரத் தோக்கடிச்சா?" வராதவர்களுக்காக வந்தவரைத் தண்டிக்கக் கூடாது என்றேன். நீ கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "எழுதித் தொலை" என்றாய். இன்றைக்கும் அந்த விதி சரி என்றுதான் நினைக்கிறேன். சரியான விதி நமக்கு இதமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ரூல் எழுத வந்தவளை ஓட வைத்ததும் நீதான். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் என்று ஒரு பிரிவு வைத்து அதில் நீ மட்டும் இருந்தாய். "தனியா ஓடினா நூறுன்னு எழுதினவதானே நீ? வா, வந்து என் நூறுக்கு ஒரு அர்த்தம் குடு" என்று இழுத்தாய். பிரிவுக்குப் பிரிவு வழி வேறு, கொடிகள் வேறு. ஆகவே அந்த மலையில் நீயும் நானும் மட்டுமே ஒரே கொடிகளைத் தேடி ஓடுவோம். நான் ஓடினேன் என்று சொல்வது கொஞ்சம் மிகை. வேகமாக நடந்தேன். "பயப்படாத, எப்டி வந்தாலும் உனக்கு ரெண்டாவது பிரைஸ்" என்பாய்.

எழுபத்திரண்டு. எழுபத்தெட்டு. ஒரு நல்ல நாளில், சேராப்பட்டுப் பக்கத்தில், எண்பத்து மூன்று. நீ நூறடி போன நேரத்தில் நான் எத்தனை அடி போனேன் என்பதுதான் அந்த எண். என் புள்ளி என்று எழுதினாலும் அதில் பாதி உன்னுடையது. நீ இல்லாமல் அந்த எண்ணே கிடையாது.

ஆனால் நான் ஓட வந்தது புள்ளிக்காக இல்லை. ஓடி முடித்த பிறகு இரண்டு மேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு நீ கேட்பாயே, அதற்காக. "மூணாவது கொடிக்கு எந்தப் பக்கமா போன?" ஓடை வழியாக என்பேன். "ஓடையா? முள்ளுக்குள்ள பூந்தியா? மேல பாதை இருக்குதேடீ, மேப்புல கண்ணு தெரியலியா?" மேல் பாதை தூரம் அதிகம் என்பேன். "தூரம் ஜாஸ்தி, முள்ளு கம்மி. பொருளாதாரம் படிச்சவதானே நீ?" இறங்கும் பஸ்ஸில், கள்ளக்குறிச்சி வரும்வரை, இரண்டு பெண்கள் ஒரு காட்டை மறுபடியும் முழுக்கச் சுற்றுவோம். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் பேச ஆள் இல்லாத எனக்கு அந்தப் பேச்சு ஒரு மாதத்துக்கு வரும்.

விதியில் நீ எவ்வளவு கறார் என்பதை இப்போது இருப்பவர்கள் மறந்துவிட்டார்கள். கரியாலூரில் ஒரு முறை நம் பாதையின் நான்காவது கொடியைக் காணவில்லை. நீ போனபோது இருந்தது. நான் போனபோது இல்லை. தேடித்தேடி நான் வெறுங்கையோடு வந்தேன். பிறகு மரவள்ளிக் காட்டுக்குச் சொந்தக்கார அம்மா ஒருத்தி அதை மடித்து, நெஞ்சோடு அணைத்தபடி எடுத்துக்கொண்டு வந்தாள். "யாரோ நல்ல துணிய மரத்துல மறந்து விட்டுட்டு ஓடறாங்க. கத்திக் கூப்டேன், திரும்பிப் பாக்கல. மாடு தின்னுடப் போவுதுன்னு எடுத்து வெச்சேன்." நீ அவளுக்கு நன்றி சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பிறகு என்னிடம் வந்து, ஒரு கொடி எல்லோருக்கும் இல்லையென்றால் அந்த ஓட்டமே செல்லாது, நம் புள்ளிகளை அடித்துவிடு என்றாய். உன் வாழ்நாளில் நீ அவ்வளவு வேகமாக ஓடியது அந்த நாள்தான். அடித்தேன். பஸ்ஸில் வழக்கம்போல மேப்பை விரித்தாய்.

போன வருடம் முதல் இரண்டு ஓட்டங்கள் ஓடினாய். மூன்றாவதை நீயே வகுத்தாய். அன்று நம் பிரிவில் நான் மட்டும்தான் ஓடினேன். நூறு. ஆனால் வழி வகுத்தவள் முடிவில் காத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தே எந்தக் கொடியில் திணறினேன் என்று சொல்லிவிட்டாள். கல்லில் உட்கார்ந்தபடிதான் பேசினாய் என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்காவது ஓட்டத்தின்போது நீ புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

அடுத்த நாளே மேப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். உன் கணவர் சாப்பிடப் போயிருந்தார். போர்வைமேல் மேப்பை விரித்தாய். விரல் அப்போதும் வழி தவறவில்லை.

"எவ்ளோ?"

"நூறு."

"யாரு கூட ஓடின?"

"யாரும் இல்லை."

"ஐய," என்றாய். பிறகு சிரித்தாய். "சரி சொல்லு. இந்தக் கொடிக்கு எந்தப் பக்கமா போன?"

சொன்னேன். ஓடாத ஓட்டத்தில் நீ எந்தப் பக்கமாகப் போயிருப்பாய் என்று நீ சொன்னாய். நர்ஸ் வந்து, பேச வேண்டாம் என்றாள். அவள் போனதும், "எனக்கு ரெண்டுதான் ஆயிருக்குது. கடைசில ஓடிட்டா மூணாயிடும்" என்றாய். ஓடலாம் என்றேன். நான் நம்பாததைச் சொல்லும்போது உனக்கு எப்போதும் தெரிந்துவிடும். "ஓடலன்னா உட்டுடு. ஓடாதவளுக்குப் புள்ளி கிள்ளி போட்டுவெச்சீங்க, வந்து கிழிச்சுப்புடுவேன்."

கடைசி ஓட்டத்துக்கு முன்பே நீ போய்விட்டாய்.

தியாகதுருகத்தில் உன் வீட்டு வாசலில் நான் உன் பள்ளிக்கூட டீச்சர்களோடு நின்றேன். யார் எங்கே நிற்க வேண்டும், யார் எதைச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் உறவுக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. நாத்தனாருக்கு ஒரு இடம், அண்ணிக்கு ஒரு இடம். விடுதி அறையில் தொடங்கி முப்பது வருடம் கூட இருந்தவளுக்கு அதில் இடம் எதுவும் இல்லை. குறை சொல்லவில்லை. யாரோ ஒரு பெண் என்னைப் பார்த்து, "நீங்க கூட வேல பாக்கறவங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

வருட வரிசை போட கமிட்டி கூடியது. செயலாளர் பிரபு உனக்குத் தெரியும். உன்னிடம் படித்தவன், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை. அவன்தான் ஆரம்பித்தான்.

"மேடம், இந்த வருஷ கப்பு அவங்களுக்குத்தான். அதுல பேச்சே இல்ல."

"அவங்க ஓடினது இரண்டு. மூன்று வேணும்" என்றேன்.

"வகுத்தது ஒண்ணு இருக்குதே மேடம்."

"அது தகுதிக்கு வராது."

"இத ஆரம்பிச்சதே அவங்க. அவங்களுக்கே இல்லாத ரூலா?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், "அவங்க பேரப் போட்டா யாருக்கு நஷ்டம்?" என்றார். பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல், மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கும்படி, "மேடத்துக்குத்தான்" என்றது. நீ வரிசையில் இல்லையென்றால் நம் பிரிவில் மிச்சம் இருக்கும் ஒரே பெயர் என்னுடையது.

ஆஸ்பத்திரியில் நீ சொன்னதை அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் ஆதாயத்துக்கு நானே சாட்சி சொல்வது போலாகும். அதோடு, சாகப்போகிறவள் சொன்னாள் என்று சொல்லி ஒரு வாதத்தில் ஜெயிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அது உண்மையாகவே இருந்தாலும். நம் பிரிவில் இந்த வருடம் கப்பு வேண்டாம் என்று மட்டும் கேட்டேன். பிரபு மேஜையைப் பார்த்தபடி, "ரூல் ரூல்னு நீங்கதான மேடம் சொன்னீங்க. ரூல்படி கப்பு உங்களுக்கு" என்றான். கோபமாகச் சொன்னானா, வருத்தமாகவா என்று தெரியவில்லை. கப்பு என் வீட்டுப் பரணில் இருக்கிறது.

இந்த வருடம் மறுபடியும் தொடங்கியது. வராமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் வரவில்லையென்றால் அந்தக் குரல் சொன்னது சரியாகிவிடும். கப்பு கிடைத்ததும் நின்றுவிட்டாள் என்பார்கள். போனேன். முதல் ஓட்டத்தில் ஏழு கொடிகளையும் கண்டுபிடித்தேன். மேல் பாதையில் போனேன், நீ சந்தோஷப்பட்டிருப்பாய். தட்டியில் ஒட்டிய தாளில் என் பெயருக்கு நேரே நூறு. மேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நின்றேன். என்னைச் சுற்றி எல்லோரும் இரண்டு இரண்டு பேராக, மூன்று மூன்று பேராக உட்கார்ந்து மேப்பில் விரல் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். என் கொடிகளைப் பார்த்த இன்னொரு கண் அந்த மலையில் இல்லை. இரண்டாவது ஓட்டம், மறுபடியும் நூறு. இரண்டாம் முறை தட்டியைப் பார்க்கவே போகவில்லை. என்ன இருக்கும் என்று தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது. வெள்ளிமலை தாண்டி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பெயர் கொடுக்கும் மேஜை. பிரபு என்னைப் பார்த்ததும் வழக்கமான மேப்பை எடுத்தான்.

"அது வேண்டாம். என்னைப் பெண்கள் பொதுப் பிரிவில் போடுங்க."

"மேடம், அதுல எல்லாம் காலேஜ் பொண்ணுங்க. தூரம் ஜாஸ்தி, ஏத்தம் ஜாஸ்தி."

"வயதில் மூத்தவர் இளையவர் பிரிவில் ஓடலாம். விதியில் இருக்கு."

"இருக்குது. யாரு ஓடினாங்க இதுவரைக்கும்?" பேனாவைக் கீழே வைத்தான். "உங்க நூறு போயிடும் மேடம்."

"போகட்டும்."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கமிட்டி நாளுக்குப் பிறகு அவன் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். பிறகு வேறு மேப்பை எடுத்துக் கொடுத்தான்.

உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். முதல் மூன்று கொடிகள் சிரமமில்லை; சாமை அறுத்த வயல் ஓரமாகவே போய்விட்டேன். நான்காவது, பாறைக்குப் பின்னால், மூச்சு வாங்கிவிட்டது. ஐந்தாவதுக்குப் போகும்போது ஓடை இரண்டாகப் பிரிந்தது. மேப்பில் ஒரு ஓடைதான் இருந்தது. நின்றேன். கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா தேடற?"

"ஒன்றுமில்லை."

"கொடியா? அதோ அந்த—"

"சொல்லாதீங்கம்மா. யாரிடமும் கேட்கக் கூடாது. ரூல்."

"நீ எங்கம்மா கேட்ட? நான்தானே சொல்றேன்."

"அதுவும் கூடாது."

"வழி தெரியாம நிக்கறவளுக்கு வழி சொல்லக் கூடாதா? எந்த ஊரு ரூலும்மா அது?" என்றாள். நான் எழுதிய ரூல் என்று அவளிடம் சொல்லவில்லை. இடது பக்கம் இறங்கினேன். பின்னாலிருந்து அவள், "ஐயோ பாவம்" என்றது கேட்டது. அதிலிருந்தே அது தப்பான பக்கம் என்று தெரிந்துவிட்டது. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பினால் அது உதவி வாங்கியதாகுமா என்று யோசித்தேன். ஆகும் என்று பட்டது. தப்பு வழியிலேயே அதன் கடைசிவரை போய், மேப்பைப் பார்த்து நானாகத் தப்பைக் கண்டுபிடித்த பிறகுதான் திரும்பினேன். நீ இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்றிருப்பாய்.

முடிவுக்கு வந்தபோது நாடாவைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்கள். பாதி சுருட்டியதை எனக்காக மறுபடி பிடித்தார்கள். யாரும் கைதட்டவில்லை, அதற்கு நன்றி. தட்டியில் பொதுப் பிரிவின் கடைசி வரியில் என் பெயர். நாற்பத்தொன்று.

என் வாழ்க்கையில் வாங்கிய மிகக் குறைந்த மதிப்பெண். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஏதோ ஒரு இறுக்கம் விட்டது. நாற்பத்தொன்று என்றால் எனக்கு முன்னால் யாரோ ஓடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே வயல் ஓரம், அதே பாறை, அதே ஓடை.

முதலில் வந்தது கரியாலூர்ப் பெண், நித்யா. கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிக்கிறாள். வேர்க்கடலை உருண்டை தின்றுகொண்டே வந்து, கேட்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மேப்பை விரித்தாள்.

"மேடம், அஞ்சாவது கொடிக்கு எந்தப் பக்கமா போனீங்க?"

தண்ணீர் குடித்தேன். அவள் காத்திருந்தாள். பிறகு விரலை வைத்துக் காட்டினேன்.

"அங்கயா இறங்கினீங்க? அது எங்க பெரியப்பா கொல்லைக்குப் போற வழி மேடம்." சிரித்தாள். மரியாதைக்காகக்கூட அடக்கிக்கொள்ளவில்லை. "இங்க பாருங்க, நான் இப்பிடி மேல ஏறி, மரத்துக்கு இந்தாண்ட வந்தேன்."

நன்றாகத்தான் போயிருக்கிறாள். ஆனால் ஆறாவது கொடிக்கு நீ அவளைவிட நல்ல வழி எடுத்திருப்பாய். வரப்பை விட்டுவிட்டு, சரிவின் நடுவிலேயே, ஏறாமல் இறங்காமல் போயிருப்பாய். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. முப்பது வருடமும் உன்னோடு ஒத்துப்போகாமலே இருந்தவளுக்கு, நீ எந்த இடத்தில் எப்படித் திரும்புவாய் என்பது உடம்பில் ஏறிவிட்டிருக்கிறது. வழி பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நான் ஒரு பக்கம் போகிறேன். நீ போயிருக்கக்கூடிய பக்கத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறேன். அதனால்தான் இவ்வளவு மெதுவாக வருகிறேனோ என்னவோ.

"இந்தப் பக்கமாகவும் போயிருக்கலாம்" என்று நித்யாவிடம் அந்தச் சரிவைக் காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். உருண்டையை மெல்லுவதை நிறுத்தினாள். "இதுல யாரு மேடம் போனாங்க?"

"இன்றைக்கு யாரும் போகவில்லை" என்றேன்.